பன்னிரண்டாம் தேதி யாருக்கு

ஹமாசே
ஜூலை 29

ரோகுரோ,

கோடையில் எழுதுகிற கடிதம் என்றால் "வெயில் கொளுத்துகிறதே, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா" என்று விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும். உனக்கு அந்த விசாரிப்பு கிடையாது. நேரே விஷயம்.

நாலு தெரு தள்ளி, பையன்களோடு விடுதியில் கிடக்கிற தம்பிக்குத் தபால்தலை ஒட்டி எழுதுகிறேன். தபால்காரர் விலாசத்தைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தார். பார்க்கட்டும். ஒரே பள்ளிக்கூடத்தில் நான் இசை டீச்சர், நீ பேஸ்பால் கோச். ஆசிரியர் அறையில் நம் இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு தண்ணீர்ப் பானைதான் இருக்கிறது. இருந்தும் ஒரு வருஷமாக நமக்குள் பேச்சில்லை. நேரில் வந்தால் கத்திவிடுவேன் என்று எனக்கே பயம், அதனால் எழுதுகிறேன்.

மாகாணத்தில் ஜெயித்துவிட்டீர்கள். தேசியப் போட்டி நடக்கிற கோஷியென் மைதானத்துக்கு நம் ஊர் முதல் தடவையாகப் போகிறது. கடைத்தெருவில் துணிப் பதாகை கட்டியாகிவிட்டது. மீன்கடைக்காரர் இலவசமாகக் கொடுக்கிறார் என்றால் பார்த்துக்கொள். எனக்கும் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. ஆனால் பேண்டுப் போட்டி ஆகஸ்ட் பன்னிரண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை நடப்பது. மூன்றாம் வருஷப் பெண்களுக்கு அதுதான் கடைசி. உங்கள் ஆட்டம் அதே நாளில் விழுந்தால் ஹெட்மாஸ்டர் ஓனுகி என்ன செய்வார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேண்டைத் தூக்கிக் கோஷியென் கேலரியில் உட்கார வைத்துவிடுவார்.

போன வருஷம் மாகாண இறுதி ஆட்டத்தில் என்ன ஆனது என்று ஞாபகப்படுத்தட்டுமா? உச்சி வெயிலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஊதினார்கள். மரக் கிளாரினெட் மூன்று வெடித்தது. ஒரு பெண் மயங்கி விழுந்தாள். எல்லோருக்கும் உதடு வீங்கிவிட்டது. அந்த உதட்டோடு போட்டிக்குப் போய் வெண்கலம் வாங்கிக்கொண்டு வந்தோம். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். நாள் மோதினால் "பேண்டு வேண்டாம், அவர்கள் போட்டிக்குப் போகட்டும்" என்று நீ ஹெட்மாஸ்டரிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவர் காதில் ஏறாது. இந்த ஊரில் இப்போது உன் பேச்சுதான் பேச்சு.

மிசாவோ

&nbsp;

ஹமாசே, விடுதி
ஜூலை 31

பெருமதிப்பிற்குரிய இசை ஆசிரியை அவர்களுக்கு,

வெயில் கடுமையாக இருக்கிறது. தங்கள் உடல்நலம் எப்படி? நான் விசாரித்துவிட்டேன், என் கடமை முடிந்தது.

அக்கா, நீ கேட்பது நடக்காது. கோஷியென் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. ஒரு பக்கம் மட்டை பிடிக்கும்போது அந்தப் பக்கத்துப் பேண்டு மட்டும் வாசிக்கும். மறுபக்கம் பிடிக்கும்போது மறுபக்கம். பெரிய பட்டணத்துப் பள்ளிக்கூடம் எங்களோடு மோதினால் நூறு வாத்தியத்தோடு வருவான். அவன் முறையில் காது கிழியும். எங்கள் முறையில் என்ன கேட்கும்? காக்கா கத்துவது கேட்கும். பதினேழு வயசுப் பையன் அந்த அமைதியில் போய் நிற்க வேண்டும். இழவு வீட்டில் ஆடுகிற மாதிரி இருக்கும் அவனுக்கு.

போன வருஷத்தை நீதான் எடுத்தாய், அதனால் நானும் சொல்கிறேன். அந்த இறுதி ஆட்டத்தில் ஒரே ஒரு ஓட்டத்தில் தோற்றோம். பையன்கள் மண்ணில் விழுந்து அழுதார்கள். நீ கேலரியிலிருந்து இறங்கி வந்தாய். ஆறுதல் சொல்ல வருகிறாய் என்று நினைத்தேன். "மூணு கிளாரினெட் போச்சு, யாரு பொறுப்பு?" என்றாய். உன்னை வெயிலில் உட்கார வைத்தது நானா? பள்ளிக்கூடம் அனுப்பியது, வந்தாய்.

நாளே இன்னும் முடிவாகவில்லை. நாலாம் தேதி கேப்டன்கள் சீட்டு எடுப்பார்கள், அதற்குப் பிறகுதான் எந்த நாள், யாரோடு என்பது தெரியும். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் பேர் வைக்காதே. நாளை மறுநாள் நாங்கள் ஒசாகா பக்கம் நிஷினோமியாவுக்குக் கிளம்புகிறோம். விடுதி விலாசம் பின்னால் இருக்கிறது, திட்டுவதற்கு உபயோகப்படும்.

ரோகுரோ

&nbsp;

ஹமாசே
ஆகஸ்ட் 2

ரோகுரோ,

உன்னை வழியனுப்ப ஊரே ரயிலடிக்கு வந்தது. நான் வரவில்லை. கவனித்திருக்க மாட்டாய், அத்தனை கொடி.

இன்று கூட்டம். ஹெட்மாஸ்டர், பழைய மாணவர் சங்கம், பஸ் கம்பெனி ஆள், நான். ஹெட்மாஸ்டர் மாகாணப் போட்டி முழுக்கப் போட்டிருந்த அதே பழுப்புக் காலுறையோடு வந்து உட்கார்ந்தார். துவைத்தால் ராசி போய்விடுமாம். ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். நாள் மோதினால் என்ன செய்வது என்று கேட்டேன். மனுஷர் சிரித்த முகம் மாறாமல் சொன்னார்: "இதுல கேக்கறதுக்கு என்னம்மா இருக்கு? போட்டி அடுத்த வருஷமும் வரும். கோஷியென் வருமா?"

மூன்றாம் வருஷத்துக்கு அடுத்த வருஷம் ஏது சார் என்றேன். "புரிஞ்சுக்குவாங்க, நல்ல பொண்ணுங்க" என்றார்.

நல்ல பெண்கள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பையன்கள் ஆட வேண்டும், பெண்கள் வெயிலில் உட்கார்ந்து ஊத வேண்டும், பிறகு நல்ல பெண்கள் என்று பேர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். பேண்டுத் தலைவி நட்சுயோ பாடத்தெரியாத வீட்டில் பிறந்து, ஓட்டை டிராம்போனில் கற்றுக்கொண்டு, இன்றைக்கு அவள் வாசிக்கிற தனிப் பகுதியைக் கேட்டால் எனக்கே கை நின்றுவிடுகிறது. அதை ஒருநாள் ஒரு நல்ல அரங்கத்தில், கூரைக்குக் கீழே, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஜனங்களுக்கு முன்னால் அவள் வாசிக்க வேண்டும். பன்னிரண்டு நிமிஷம். அவ்வளவுதான் நான் கேட்பது.

சீட்டு நல்லபடி விழட்டும். உனக்காக இல்லை.

மிசாவோ

&nbsp;

நிஷினோமியா, விடுதி
ஆகஸ்ட் 4

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி. சுகிமோட்டோ சீட்டு எடுத்தான். பதினொன்று. இரண்டாவது ஆட்டம்.

எங்கள் கேப்டன், கேட்சர் பையன், உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி இருப்பானே, அவன்தான். மேடையிலிருந்து திரும்பி வந்து "சார், பேண்டு வருமில்ல சார்?" என்று என்னைக் கேட்டான். எதிராளி யார் என்று கூடக் கேட்கவில்லை. எதிராளி ஒசாகா ஆளுங்கதான். மைதானத்துக்கு நடந்தே வருவான்கள், நூறு வாத்தியத்தோடு.

பதினொன்றாம் தேதி ஆட்டம், பன்னிரண்டாம் தேதி உன் போட்டி. நடுவில் ஒரு ராத்திரி இருக்கிறது. முடியுமா? நீ முடியும் என்று சொன்னால் முடியும், எனக்குத் தெரியும்.

நேற்று மைதானத்தைப் போய்ப் பார்த்தேன். உங்களுக்கு முதல் தளத்துப் பக்கத்துக் கேலரி, அதற்கு ஆல்ப்ஸ் என்று பேர், பேர் பொருத்தம்தான், ஏறும்போது முழங்கால் பேசும். பெரிய டிரம்மைத் தூக்கிக்கொண்டு ஏற இரண்டு ஆள் வேண்டும். நிழல் கிடையாது. பித்தளை கொதிக்கும், ஈரத் துண்டு சுற்றாமல் யாரும் வாயில் வைக்கக் கூடாது. கடற்காற்று பிற்பகலில் திரும்பும், ஸ்வரத்தாள் பறக்கும். துணி மாட்டுகிற கிளிப் ஆளுக்கு நாலு கொண்டு வரச் சொல்.

இன்னொன்று. ஒவ்வொரு பையன் மட்டை பிடிக்கும்போதும் அவனுக்கென்று ஒரு பாட்டு வாசிப்பீர்களே, அதில் இவாசேவுக்கு வேகமானது வேண்டாம். பயல் பாட்டோடு சேர்ந்து ஓடுவான், பந்து வருவதற்கு முன்பே சுற்றிவிடுவான்.

ரோகுரோ

&nbsp;

ஹமாசே
ஆகஸ்ட் 6

ரோகுரோ,

முடியும்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று ஓனுகி சாரே என்னைக் கேலி செய்தார். ஆமாம் சார், இரண்டும் வேண்டும் என்றேன்.

திட்டம் இது. பத்தாம் தேதி மாலை மூன்று பஸ் கிளம்புகிறது. இரண்டில் மாணவர்களும் ஊர்க்காரர்களும், ஒன்றில் பேண்டு. விடியும்போது கோஷியென். உங்கள் ஆட்டம் முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், பேண்டு பஸ் மட்டும் உடனே திரும்பி மாகாணத் தலைநகருக்கு. அரங்கத்துக்குப் பக்கத்துக் கோயிலில் படுக்க இடம் கேட்டுவிட்டேன், குருக்கள் மனைவி குளிக்க வெந்நீரும் போட்டுத் தருகிறாளாம். மறுநாள் மதியம் மேடை. மரக் கிளாரினெட்டும் கனமான வாத்தியங்களும் வெயிலுக்கே வராது, மிளகாய்ப் பொடி வியாபாரியின் லாரியில் நேராக அரங்கத்துக்குப் போகும். மைதானத்துக்கு நடுநிலைப் பள்ளியிலிருந்து பிளாஸ்டிக் கிளாரினெட் கடன் வாங்கியிருக்கிறேன். சத்தம் வாத்துக் கத்துகிற மாதிரிதான் இருக்கும். உன் பையன்களுக்கு அது போதும்.

இவாசேவுக்கு மெதுவான பாட்டு. சொன்னபடி செய்தாயிற்று. நட்சுயோ அதைக் கேட்டுவிட்டு, "அவனுக்குத் தாலாட்டே வாசிக்கலாம் டீச்சர், கிளாஸ்ல அப்படித்தான் இருக்கான்" என்றாள்.

சாப்பாட்டுப் பொட்டலம், தண்ணீர், தொப்பி, எல்லாம் பதினொன்றுக்கே சொல்லியாகிவிட்டது. இப்போதெல்லாம் எனக்குக் கனவில் கூடப் படிக்கட்டும் பஸ்ஸும்தான்.

தெற்கே கடலில் ஒரு புயல் சின்னம் என்று வானொலியில் சொன்னார்கள். தள்ளிப் போய்விடும் என்கிறார்கள்.

மிசாவோ

&nbsp;

நிஷினோமியா
ஆகஸ்ட் 8

அக்கா,

தள்ளிப் போகவில்லை. ராத்திரி முழுக்கக் கூரை ஓடு ஆடியது. காலையில் அறிவித்துவிட்டார்கள். இன்று தொடங்க வேண்டிய போட்டி நாளைக்கு. எல்லா ஆட்டமும் ஒரு நாள் தள்ளி. எங்களுடையது பன்னிரண்டு.

இந்த விடுதி அம்மாள் முப்பது வருஷமாக வெளியூர் அணிகளைப் பார்க்கிறவள். நம் திட்டத்தைச் சொன்னதும் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "மழைக்கு ஒரு நாள் விடாம யாராவது கோஷியெனுக்கு பஸ் பேசுவாங்களா?" என்றாள். வருஷா வருஷம் வருகிற ஊர்க்காரர்கள் ஒரு நாள் சேர்த்தேதான் பேசுவார்களாம். நாம் எப்போது வந்தோம், நமக்கு எவன் சொன்னான்?

நீ என்ன கேட்பாய் என்று தெரியும். அதனால் முன்பே எழுதுகிறேன். என்னால் சொல்ல முடியவில்லை அக்கா. மத்தியானம் பயிற்சி இல்லாததால் பையன்கள் கூடத்தில் உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன பாட்டு என்று வாயால் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இவாசே தன் பாட்டு மெதுவாக இருப்பதாகச் சண்டை பிடித்தான். அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு "பேண்டு வராது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரோகுரோ

&nbsp;

ஹமாசே
ஆகஸ்ட் 9

தம்பி,

உன் கடிதம் வருவதற்கு முன்பே இங்கே முடிவாகிவிட்டது. பஸ்ஸை ஒரு நாள் தள்ளியாயிற்று, சாப்பாட்டைத் தள்ளியாயிற்று. பேண்டுப் போட்டியிலிருந்து விலகுகிறோம் என்று பள்ளியின் பேரில் தாள் எழுதி ஹெட்மாஸ்டர் மேசையில் இருக்கிறது. நாளை மாலைக்குள் அனுப்ப வேண்டும். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

பெண்களிடம் சொன்னேன். யாரும் அழவில்லை. நட்சுயோ எழுந்து, "சரி டீச்சர், அப்ப பிளாஸ்டிக் கிளாரினெட்ட எல்லாருக்கும் எடுத்து வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வாத்திய அறைக்குள் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே போக எனக்குத் தைரியமில்லை. என்ன சொல்லித் தேற்ற? நல்ல பெண் என்றா?

இதுவரை உன்னை அதட்டித்தான் கேட்டேன். இப்போது கேட்டுக்கொள்கிறேன். அக்கா உன்னிடம் இதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. ஒரு போன் போதும். பையன்களுக்கு ஊரே இருக்கிறது, பதாகை இருக்கிறது, செய்தித்தாள் இருக்கிறது. இந்தப் பெண்களுக்கு யார் இருக்கிறார்கள்? நானும் நீயும்தான். அதிலும் உன் கையில்தான் எல்லாம் இருக்கிறது.

போன வருஷம் நான் கிளாரினெட்டைப் பற்றிக் கேட்டது தப்புதான். உன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

அக்கா

&nbsp;

ஹமாசே
ஆகஸ்ட் 10

கோச் அவர்களுக்கு,

போன் செய்தீர்களாம். கேள்விப்பட்டேன்.

ஹெட்மாஸ்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். முகம் கருத்துப்போயிருந்தது. "உன் தம்பி பேண்டு வேண்டாங்கறான்" என்றார். எனக்கு ஒரு நொடி உயிர் வந்தது. அடுத்ததைச் சொன்னார்: "பேண்டு ராசியில்லையாம். மாகாணத்துல பேண்டு வந்த ரெண்டு ஆட்டமும் உயிர் போயி உயிர் வந்துச்சாம், வராத ஆட்டமெல்லாம் சுளுவா ஜெயிச்சாங்களாம். இந்தப் பொண்ணுங்க ஊத ஆரம்பிச்சாலே பசங்களுக்குக் கை விளங்க மாட்டேங்குதாம். கேலரி பக்கமே வரக் கூடாதாம். ஆட்டத்துக்கு முன்னாடி கோச் சகுனம் பாத்துட்டான்னா நான் என்ன பண்ணட்டும்?"

ராசியில்லையா? நான் உன்னிடம் பிச்சை கேட்டேன் ரோகுரோ. ஒரு வருஷத்துக்குப் பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, தப்பு என்மேல் என்று எழுதிக் கேட்டேன். "அவர்களுக்குப் போட்டி இருக்கிறது, போகட்டும்" என்று நாலு வார்த்தை மரியாதையாகச் சொல்ல உனக்கு நாக்கு வளையவில்லை. என் பெண்களுக்குத் தரித்திரம் என்று பேர் வைத்து அனுப்பியிருக்கிறாய். பள்ளிக்கூடம் முழுக்க இதே பேச்சு. சாயங்காலம் மீன்கடைக்காரர் என்னிடமே கேட்டார்: "என்னம்மா, உங்க பேண்டு வந்தா தோத்துருவோமாமே?"

ஹெட்மாஸ்டர் முன்னால் நான் அழுதுவிட்டேன். கோபத்தில் வந்த அழுகை. அவர் பாவம் பயந்துபோய் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டார்கள். நாங்கள் போட்டிக்குப் போகிறோம். உனக்கு நன்றி சொல்வேன் என்று காத்திருக்காதே. நீ ஜெயித்து வந்தாலும் சரி, தோற்று வந்தாலும் சரி, எனக்குத் தம்பி இல்லை.

மிசாவோ

&nbsp;

நிஷினோமியா
ஆகஸ்ட் 12, சாயங்காலம்

அக்கா,

தோற்றுவிட்டோம். இரண்டுக்கு ஒன்று. இந்நேரம் வானொலியில் கேட்டிருப்பாய். உன் மேடை எப்படிப் போனது என்று எனக்கு இன்னும் தெரியாது. அதைத்தான் மத்தியானத்திலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று உன் கடிதம் வந்தது. பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதினால் உண்மையை எழுதிவிடுவேன், நீ படித்துவிட்டு ஊரார் முன்னால் போய் நின்றால் உன் முகமே காட்டிக்கொடுத்துவிடும். உனக்கு எதையும் மறைக்க வராது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அதனால் பேனாவை மூடிவிட்டேன். இப்போது சொல்லலாம்.

நீ சொன்ன நாலு வார்த்தையைத்தான் முதலில் நினைத்தேன். போட்டி இருக்கிறது, போகட்டும். அதற்கு ஓனுகி சாரிடம் பத்து பதில் இருக்கிறது. ஊர் மானம், பள்ளிக்கூடப் பேர், நல்ல பொண்ணுங்க புரிஞ்சுக்குவாங்க. நியாயத்துக்கு எதிர் நியாயம் எப்போதும் கிடைக்கும். ஆனால் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு கோச் சகுனம் என்று சொன்னால், அதை எவன் எதிர்த்துப் பேசுவான்? எதிர்த்துப் பேசி, பிறகு தோற்றால் பழி அவன் தலையில். அதிலும் துவைக்காத காலுறையோடு நடமாடுகிற மனுஷர் அவர். சொன்னதும் போனில் மூச்சு நின்றது. "அப்படியா... அது ஏன் முன்னாடியே சொல்லல?" என்றார். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது குரல். அப்படியும் கொஞ்சம் சந்தேகப்பட்டிருப்பார், அக்காவும் தம்பியும் சேர்ந்து நாடகம் போடுகிறார்களோ என்று. நீ அவர் முன்னால் அழுதாய் பார், அதோடு முழுசாக நம்பிவிட்டார். உன் அழுகை எனக்குச் சாட்சி ஆகும் என்று கணக்குப் போட்டுத்தான் உன்னிடம் மறைத்தேன். அதற்கு என்னை அடி. வாங்கிக்கொள்கிறேன்.

போன் செய்வதற்கு முன்னால் பையன்களைக் கூடத்தில் உட்கார வைத்து உண்மையைச் சொன்னேன். அவர்கள் ஆட்டம், அவர்களைக் கேட்காமல் செய்ய எனக்கு உரிமையில்லை. சுகிமோட்டோ, "சார், போன வருஷம் மயங்கி விழுந்தது எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு. அவ எழுந்து உக்காந்து மறுபடி ஊதினா சார், நான் பாத்தேன். அவங்க போகட்டும்" என்றான். இவாசே மட்டும், "என் பாட்டு எப்பவும் இப்படித்தான், வரவே வராது" என்று முணுமுணுத்தான்.

பொய் என்பது ஒன்றோடு நிற்காது. நேற்று இங்கே பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பேண்டு டீச்சர் விடுதிக்கு வந்தார். தூரத்து ஊர் அணிக்குப் பேண்டு வர முடியாவிட்டால் இவர்கள் போய் வாசிப்பது வழக்கமாம். "உங்க ஊர்ப் பாட்டு கொடுங்க, ராத்திரியே பழகிக்கறோம்" என்றார். ஊர் பஸ்ஸுக்கு முன்பே ரயிலில் வந்துவிட்ட ஹெட்மாஸ்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பேண்டே ராசியில்லை என்று சொன்னவன் இப்போது எப்படிச் சரி என்பது? வேண்டாம் என்றேன். அந்த மனுஷர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆட்டம் நான் பயந்த மாதிரியே இருந்தது. அவர்கள் முறை வந்தால் நூறு வாத்தியம், மண் அதிர்ந்தது. எங்கள் முறை வந்தால் ஊர்க்காரர்கள் கை தட்டினார்கள், ஹெட்மாஸ்டர் தொண்டை கிழியக் கத்தினார், அவ்வளவு பெரிய மைதானத்தில் அது கிணற்றில் போட்ட கல். கடைசிச் சுற்றில் ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தோம். இரண்டு பேர் அவுட், மூன்றாம் தளத்தில் எங்கள் ஆள், மட்டை இவாசே கையில். அப்போது பெஞ்சில் இருந்த ஒருவன் வாயாலேயே இவாசேவின் பாட்டை ஊத ஆரம்பித்தான், டுர்ர் டுர்ர் என்று. பக்கத்தில் இருந்தவன் சேர்ந்தான். பிறகு எல்லோரும். அதே மெதுவான பாட்டு. நடுவர் திரும்பிப் பார்த்தார், தடுக்கவில்லை. இவாசே அவசரப்படவில்லை அக்கா. நல்ல பந்துக்காகக் காத்திருந்து, சரியாகத்தான் அடித்தான். நேராக எதிராளி கையுறையில் போய் விழுந்தது. யார் என்ன செய்ய முடியும்?

வெளியே வரும்போது பழைய மாணவர் சங்கத்து ஆள் ஒருவர் என் காலடியில் துப்பினார். "பேண்ட வேண்டாம்னு சொன்ன மகராசன் போறான் பாருங்கடா" என்றார். பையன்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள், நான் தடுத்துவிட்டேன். ஊருக்கு வந்ததும் தன்னை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார் ஹெட்மாஸ்டர். கோச் வேலை போகும் என்று நினைக்கிறேன். போகட்டும் என்று எழுத ஆசை, ஆனால் அது பொய். எனக்கு இதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது.

இதை யாரிடமும் சொல்லாதே. சொன்னால் ஊர் உன் பெண்கள் மேல் பாயும். உங்க மெடலுக்காகத்தான் எங்க பசங்க தோத்தாங்க என்பார்கள். அந்தப் பேச்சு அவர்களுக்கு வேண்டாம், அது என்னோடு போகட்டும்.

எல்லோரும் சொந்த ஊருக்குப் போகிற முன்னோர் திருவிழாக் கூட்டத்தில் அணிக்கு மொத்தமாக ரயிலில் இடமில்லை. பதினாறாம் தேதி மத்தியான வண்டிதான் கிடைத்தது. ஹமாசேவுக்கு முந்தின நிலையத்தில் இறங்கி, மலைப்பாதை வழியாகப் பையன்களைப் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். கடைத்தெரு வழியாக அவர்களை நடத்திக் கூட்டிவர எனக்குத் தெம்பில்லை.

தம்பி
ரோகுரோ

&nbsp;

ஹமாசே
ஆகஸ்ட் 14

ரோகுரோ,

தங்கம். ஆனால் அடுத்த சுற்றுக்குப் போகாத தங்கம். நாலு பள்ளிக்குத் தங்கம், இரண்டுதான் மேலே போகும், நாங்கள் மூன்றாவது. நட்சுயோவின் தனிப் பகுதியில் அரங்கத்தில் ஒரு இருமல் கூட இல்லை. முடிந்ததும் அவள் மேடை ஓரத்தில் வந்து, "டீச்சர், நான் வாசிச்சது எனக்கே கேட்டுச்சு" என்றாள். மைதானத்தில் இத்தனை வருஷமாக அவள் தன் சத்தத்தையே கேட்டதில்லை.

உன் கடிதம் நேற்று ராத்திரி வந்தது. மூன்று தடவை படித்தேன். முதல் தடவை உன்னைக் கொல்ல வேண்டும் போல இருந்தது. மூன்றாவது தடவை எழுத்தே தெரியவில்லை, கண்ணைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன்.

சொல்லாதே என்று எழுதியிருந்தாய். சொல்லிவிட்டேன். இன்று காலை வாத்தியங்களைத் துடைக்கப் பெண்கள் வந்தார்கள். கடிதத்தை எடுத்து, பெஞ்சிலிருந்து பையன்கள் வாயால் ஊதியது வரைக்கும், காலடியில் துப்பியது வரைக்கும் வாசித்துக் காட்டினேன். சொன்னால் ஊர் உங்கள் மேல்தான் பாயும் என்பதையும் வாசித்தேன், மறைக்கவில்லை. நட்சுயோ துடைக்கிற துணியைக் கீழே வைத்துவிட்டு, "பாயட்டும் டீச்சர். அவங்களுக்காகப் பேசறதுக்கும் யாராவது வேணும்ல" என்றாள். போன வருஷம் மயங்கி விழுந்த பெண், அதிகம் பேசவே மாட்டாள், அவள்தான் வண்டி நேரம் கேட்டாள்.

அதற்குப் பிறகு ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். தேநீர்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டீங்க" என்றார். "நான் சேரல சார். அவன் என்னையும் சேத்துத்தான் முட்டாளாக்கினான்" என்றேன். உன் வேலை என்ன ஆகும் என்று கேட்டேன். யோசிக்க வேண்டும் என்றார். அவரும் கோபமாகத்தான் இருக்கிறார், நான் பொய் நம்பிக்கை தரமாட்டேன். அதே கோபத்தோடு வாசல் வரை வந்து, "வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

கடைத்தெருவில் விஷயம் பரவிவிட்டது. சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து பள்ளிக்கூட வாசலில் கத்திவிட்டுப் போனார்கள். மீன்கடைக்காரர் எனக்கு மீன் கொடுக்க மாட்டேன் என்கிறார். இரண்டு பெண்களுடைய வீட்டில் வெளியே விடமாட்டோம் என்கிறார்கள், அந்த வீடுகளுக்கு இப்போது கிளம்புகிறேன். யாரும் வராவிட்டால் நான் ஒருத்தியே டிரம்மைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு வருவேன், அதற்குக் கையில் கொஞ்சம் வலு இருக்கிறது.

ஆக, முந்தின நிலையத்தில் இறங்காதே. பையன்களுக்கு உடுப்பைப் போட்டு, தொப்பியை நேராக வைத்து, ஹமாசேவில் முன்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு வா. ரயிலடியிலிருந்து பள்ளிக்கூடம் வரை கடைத்தெரு வழியாகத்தான் போகிறோம். எங்களுக்குப் பின்னால் நீங்கள் நடந்து வாருங்கள். எவனாவது துப்பினால் முதலில் எங்கள் மேல் படட்டும், திட்டினால் எங்கள் சத்தத்தைத் தாண்டித் திட்டட்டும், பார்க்கலாம்.

பிளாஸ்டிக் கிளாரினெட் வேண்டாம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு மரக் கிளாரினெட்தான்.

அக்கா